பெட்டி வரவில்லை: வெளிநாட்டுப் பயணம் முடித்து மதுரையில் இறங்கியவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மகளின் பிரசவத்துக்குத் துணையாகச் சிங்கப்பூரில் இரண்டு மாதம் இருந்துவிட்டு நானும் இவரும் ஊர் திரும்பினோம். சென்னையில் மாறி மதுரைக்கு வரும் ஒரே டிக்கெட். மதுரை விமான நிலையத்தில் இவருடைய பழைய பச்சைப் பெட்டி முதல் ஆளாகச் சுற்றி வந்தது. என் கறுப்புப் பெட்டி வரவே இல்லை. சொந்தக்காரர்களுக்கென்று வாங்கிய ஒரு டஜன் கோடாலித் தைலம், என் ரத்த அழுத்த மாத்திரை, எல்லாவற்றுக்கும் மேலாகத் திருநகர் வீட்டுச் சாவி, எல்லாம் அதற்குள்தான் இருந்தன. சாவியைப் பெட்டியில் போட்டது யார் என்ற வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

முப்பது ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் தபால் பதிவேடு பார்த்தவள் நான். பதிவேட்டில் எண் ஏறாத கடிதம் வரவே இல்லை என்பதுதான் அங்கே கணக்கு. காணாமல் போன பெட்டிக்கும் அதே கணக்குதான் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். நம் ஊரில் சத்தம் போடத் தயங்குகிறவர்கள் குறைவு. எழுதி வாங்கச் சொன்னால் மட்டும் "அதெல்லாம் எதற்கு" என்று நகர்ந்துவிடுவோம். விமான நிறுவனத்துக்கு நம் சத்தம் வெறும் காற்று, தேதியும் எண்ணும் போட்ட தாள் மட்டுமே புகார்.

பெல்ட் நிற்கும் வரை நகராதீர்கள்

வெளியே கொழுந்தன் மகன் காருடன் நின்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் செய்துகொண்டிருந்தான். "விடு, நாளைக்கு வந்து கேட்டுக்கொள்ளலாம்" என்றார் இவர். பெட்டியைத் தொலைப்பவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் தங்கள் வழக்கையும் தொலைக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கூடத்தைவிட்டு ஒருமுறை வெளியே வந்துவிட்டால் பாதுகாப்புக் காவலரைத் தாண்டி மறுபடி உள்ளே போவது பெரும்பாடு. அதைவிட மோசம், "எங்களிடம் எதுவும் சொல்லாமல் போய்விட்டார்களே, பெட்டி கிடைத்துவிட்டது என்று நினைத்தோம்" என்று அவர்கள் சொல்ல நாமே வழி செய்து கொடுத்துவிடுகிறோம்.

பெல்ட் நின்றபின் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, கயிறு கட்டிய அட்டைப் பெட்டி, தள்ளுவண்டி போன்ற பெரிய சாமான்களைப் பெல்ட்டில் விடாமல் ஓரமாக இறக்கி வைத்திருப்பார்கள். நம் பெட்டியும் அங்கே இருக்கலாம். இரண்டாவது இன்னும் முக்கியம்: உங்கள் பெட்டியைப் போலவே இன்னொரு பெட்டி யாரும் எடுக்காமல் கிடக்கிறதா? கிடந்தால், அதன் சொந்தக்காரர் உங்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு பெருங்குடியைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறார் என்று பொருள். ஊழியரிடம் சொன்னால், அதில் ஒட்டியிருக்கும் எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடித்துப் போன் செய்வார்கள். இதைவிடச் சீக்கிரம் தீரும் சிக்கல் வேறு இல்லை. எங்கள் துரதிர்ஷ்டம், பெல்ட்டில் எதுவுமே மிஞ்சவில்லை.

ஓர் எச்சரிக்கை. வெளிநாட்டிலிருந்து சென்னை வழியாக வருகிறவர்கள் பொதுவாகச் சென்னையிலேயே பெட்டிகளை எடுத்துச் சுங்கத்தைக் கடந்து, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி ஒப்படைக்க வேண்டும். இந்தியாவில் முதலில் கால் வைக்கும் ஊரில்தான் சுங்கச் சோதனை. பெட்டி சென்னையிலேயே வரவில்லை என்றால் புகாரையும் சென்னையிலேயே எழுதிவிட்டு வாருங்கள். "மதுரைக்குப் போய்ச் சொல்லுங்கள்" என்று யார் சொன்னாலும் அசையாதீர்கள். நாங்கள் சென்னையில் இரண்டு பெட்டிகளையும் எடுத்து மறுபடி ஒப்படைத்திருந்தோம், ஒன்று அதற்குப் பிறகுதான் தவறியது. இந்த வழியில் ஓடுபவற்றில் சிறிய விமானங்களும் உண்டு. எடை கூடினால் சில பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு அடுத்ததில் அனுப்புவார்கள். ஆகவே முதல் நாளே மனம் உடைய வேண்டியதில்லை.

கவுன்ட்டரில் எழுதி வாங்க வேண்டியது

போர்டிங் பாஸ், பாஸ்போர்ட், பெட்டியை ஒப்படைத்தபோது தந்த சிறு ஸ்டிக்கர் ஆகிய மூன்றும் கையில் இருக்க வேண்டும். அந்த ஸ்டிக்கரைப் பலர் குப்பை என்று கசக்கி எறிகிறார்கள். அதில் பத்து இலக்க எண்ணோ, விமான நிறுவனத்தின் இரண்டு எழுத்தும் ஆறு இலக்கமுமோ இருக்கும். பெட்டிக்கு அதுதான் பெயர்.

அங்கே நிரப்பித் தரும் படிவத்துக்குப் பி.ஐ.ஆர். என்று பெயர். சாமான் வராததையோ சேதமானதையோ பதிவு செய்யும் அறிக்கை அது. பதிந்தவுடன் பத்து எழுத்து எண்களில் ஒரு குறியீடு வரும். முதல் மூன்று எழுத்து விமான நிலையம் (மதுரைக்கு ஐ.எக்ஸ்.எம்.), அடுத்த இரண்டு எழுத்து விமான நிறுவனம், பிறகு ஐந்து இலக்க வரிசை எண். உலகெங்கும் விமான நிறுவனங்கள் காணாமல் போன சாமான்களைத் தேடும் வேர்ல்டு டிரேசர் கணினி அமைப்பில் இந்தக் குறியீட்டை வைத்துத்தான் தேடுவார்கள். இந்தக் குறியீடு இல்லாமல் "குறித்துக்கொண்டோம், அம்மா" என்று மட்டும் சொன்னால் அது குறித்துக்கொண்டதே இல்லை.

எனக்கு அந்த இளைஞர் முதலில் அப்படித்தான் சொன்னார். "நாளைக் காலை விமானத்தில் வந்துவிடும், நீங்கள் வீட்டுக்குப் போங்கள்" என்றார். வந்துவிடும் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்படி கேட்டேன். பி.ஐ.ஆர். உடனே அச்சாகி வந்தது.

படிவத்தில் பெட்டியின் வகை, நிறம் கேட்பார்கள். பெட்டிப் படங்கள் அச்சிட்ட ஓர் அட்டையைக் காட்டுவார்கள். அதில் உங்கள் பெட்டியின் படத்தைக் காட்டினால் போதும். "கறுப்பு, சக்கரம் வைத்தது" என்று மட்டும் சொன்னால் உலகத்துப் பெட்டிகளில் பாதி அதில் அடங்கிவிடும். கைப்பிடியில் கட்டிய சிவப்புக் கயிறு, பிய்ந்த ஜிப், ஒட்டிய முருகன் படம் என்று எதுவானாலும் சொல்லுங்கள்.

முகவரியில்தான் நம்மவர்கள் கோட்டைவிடுகிறார்கள். பழைய கதவு எண், புதிய கதவு எண் இரண்டையும் எழுதுங்கள். திருநகர் என்று மட்டும் எழுதினால் போதாது, எத்தனையாவது ஸ்டாப் என்று எழுதுங்கள். போன் எண் உள்ளூரில் உடனே எடுக்கும் எண்ணாக இருக்கட்டும். என் போனில் அப்போது சிங்கப்பூர் சிம்தான் இருந்தது. அந்த எண்ணை எழுதியிருந்தால் பெட்டியைக் கொண்டுவருகிறவர் இன்றுவரை என்னை அழைத்துக்கொண்டே இருந்திருப்பார்.

கிளம்பும் முன் பி.ஐ.ஆர். நகல், அந்த நிறுவனத்தின் மதுரை நிலைய அலுவலக எண், பேசியவரின் பெயர் மூன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். "எனக்குக் குறை எதுவும் இல்லை" என்ற பொருளில் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

நேரே மதுரையில் இறங்குகிறவர்களுக்கு மட்டும்

வெளிநாட்டிலிருந்து விமானம் மாறாமல் மதுரைக்கே வருகிறவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. பெட்டி தவறிவிட்டது என்று விமான நிறுவனத்திடம் சான்று வாங்கி, அதில் சுங்க அதிகாரியின் மேலொப்பம் பெற வேண்டும். உங்களுக்குரிய தீர்வையில்லாச் சலுகையில் (சுங்க வரி கட்டாமல் கொண்டுவரக்கூடிய அளவில்) எவ்வளவு பயன்படுத்தாமல் மிச்சம் இருக்கிறது என்பதையும் அதில் குறிக்கச் சொல்லுங்கள். பின்னால் பெட்டி வரும்போது அந்த மிச்சச் சலுகை அதற்குக் கிடைக்கும். வாசலைத் தாண்டியபின் இதை வாங்க முடியாது.

அன்றிரவே எழுத வேண்டிய பட்டியல்

களைப்பாக இருக்கும். இருந்தாலும் தூங்கப் போகும் முன் பெட்டிக்குள் இருந்தவை என்னென்ன என்று எழுதிவிடுங்கள். மறுநாள் பாதி மறந்துவிடும், மூன்றாம் நாள் இல்லாததெல்லாம் நினைவுக்கு வரும்.

இந்த ஊரில் ஒருத்தி அரசவை ஏறி வழக்காடிய கதை நமக்குத் தெரிந்ததுதான். சிலம்பை உடைத்ததைத்தான் எல்லோரும் பேசுகிறோம். அவள் வென்றது அதற்கு ஒரு நொடி முன்பு. தன் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கம் என்றாள், அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்று அரசனையே சொல்ல வைத்தாள், அதன் பிறகுதான் உடைத்தாள். திறப்பதற்கு முன்பே உள்ளே இருப்பதைச் சொல்ல முடிந்தவளுக்குத்தான் பொருள் சொந்தம். ஸ்டிக்கர் கிழிந்துபோய் எங்கோ ஒரு கிடங்கில் கிடக்கும் பெட்டியை ஊழியர்கள் திறந்து பார்ப்பது, நாம் எழுதித் தந்த பட்டியலோடு ஒத்துப் பார்க்கத்தான். அதனால் "துணிமணி, பரிசுப் பொருள்" என்று எழுதிப் பயனில்லை. "அரக்கு நிறச் சுங்குடிச் சேலை, பச்சைக் கரை, கோடாலித் தைலம் 12 புட்டி, குழந்தையின் காலடி அச்சு எடுத்த அட்டை" என்று எழுதினேன். அப்படி ஒரு பெட்டி உலகத்தில் இன்னொன்று இருக்க வாய்ப்பில்லை.

விலையையும் பக்கத்திலேயே எழுதுங்கள். கடை ரசீது இருந்தால் சேருங்கள், இல்லாவிட்டால் அட்டையில் பணம் செலுத்திய குறுஞ்செய்தி, பெட்டி அடுக்கும்போது பிள்ளைகள் எடுத்த படம் என்று எதுவும் உதவும். நகை, ரொக்கம், பத்திரம் ஆகியவற்றைப் பெட்டியில் வைத்திருந்தால் எழுதலாம், ஆனால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ஒப்படைக்கும் பெட்டியில் அவற்றை வைக்காதீர்கள் என்று விமான நிறுவனங்களின் விதிமுறைகளிலேயே இருக்கும்.

அன்றைய செலவுகளுக்கு ரசீது

தாமதத்தால் நேர்ந்த நியாயமான செலவைக் கேட்க உரிமை உண்டு. வெளியூரில் மாற்றுத்துணி வாங்கினால் சுலபமாக ஒப்புக்கொள்வார்கள். சொந்த ஊரில் இறங்கியவர் சேலை வாங்கினேன் என்றால் "வீட்டில் பீரோ இருக்கிறதே" என்று கேட்பார்கள், அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. மருந்து அப்படி அல்ல. மாத்திரையை வழியில் இறங்கி வாங்கினோம், ரசீதை எடுத்து வைத்தேன்.

அடுத்தது சாவி. இரவு பத்தரை மணிக்குப் பூட்டிய வீட்டு வாசலில் நின்றோம். கொழுந்தன் மகன் எங்கிருந்தோ ஒரு சாவிக்காரரை அழைத்து வந்தான். பத்து நிமிடத்தில் திறந்துவிட்டுப் பூட்டுக்குப் புதுச் சாவியும் சேர்த்து 600 ரூபாய் கேட்டார். ரசீது வேண்டும் என்றேன். இருபது வருடத் தொழிலில் இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார். என் குறிப்பேட்டில் ஒரு தாளைக் கிழித்துத் தேதி, வேலை, தொகை எழுதிக் கொடுத்து அவரிடம் கையெழுத்து வாங்கினேன். இவர் தலையில் அடித்துக்கொண்டார்.

பெட்டி வீட்டுக்கு வரும்போது

தினமும் ஒருமுறை குறியீட்டைச் சொல்லி நிலவரம் கேளுங்கள், கேட்ட நாள், நேரம், பதில் சொன்னவர் பெயர் எழுதி வையுங்கள். கிடைத்த பெட்டியை வீட்டில் கொண்டுவந்து தருவது வழக்கம். "வந்து எடுத்துச் செல்லுங்கள்" என்றால், ஆட்டோ செலவையும் கேட்பேன் என்று மின்னஞ்சலில் சொல்லிவிட்டுப் போங்கள்.

எங்கள் பெட்டி நான்காம் நாள் வந்தது. கொண்டுவந்த பையன் கையெழுத்துக்குத் தாளை நீட்டினான். வீட்டு வாசலில் அவசரப்படுத்துவார்கள், படாதீர்கள். ஜிப், பூட்டு, சக்கரம், கைப்பிடி பார்த்து, திறந்து பட்டியலோடு ஒத்துப் பார்த்தபின் கையெழுத்துப் போடுங்கள். ஒப்படைத்தபோது இருந்த எடை ஸ்டிக்கரிலோ போர்டிங் பாஸிலோ இருந்தால், சந்தேகம் வரும்போது மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பார்க்கலாம். எங்கள் பெட்டியில் ஒரு சக்கரம் இல்லை. கையெழுத்துக்கு மேலே "ஒரு சக்கரம் உடைந்த நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி, அந்தத் தாளையும் பெட்டியையும் சேர்த்துப் படம் எடுத்தேன்.

7, 21, 21, 2

பி.ஐ.ஆர். போட்டாயிற்று, இனி அவர்கள் பாடு என்று இருந்துவிடக் கூடாது. இழப்பீடு கேட்டுத் தனியாக ஒரு கடிதம் போக வேண்டும். பி.ஐ.ஆர்.தான் புகார் என்று பின்னால் வாதாடலாம். ஒரு கடிதத்தில் முடியும் வேலைக்கு வாதம் எதற்கு?

வெளிநாட்டுப் பயணத்தில் சாமான் பற்றிய உரிமைகளை 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை வகுக்கிறது. இந்தியா 2009-இல் இதில் சேர்ந்தது, 1972-ஆம் ஆண்டின் வான்வழிப் போக்குவரத்துச் சட்டத்தில் மூன்றாம் அட்டவணையாக இது இருக்கிறது. கெடுக்கள் இவை. சேதம் என்றால் பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 7 நாளுக்குள் எழுத்தில் புகார் செய்ய வேண்டும். தாமதம் என்றால் கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாள். வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 21 நாள் கடந்தும் வராவிட்டால் தொலைந்ததாகக் கொண்டு இழப்பீடு கேட்கலாம். வழக்குப் போடுவதற்கு 2 ஆண்டு. கெடுவுக்குள் கடிதம் அவர்கள் கையில் சேர்ந்திருக்க வேண்டியதில்லை, அனுப்பியிருந்தால் போதும். ஆகவே தபால் ரசீதின் தேதி முக்கியம். மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், ஸ்பீடு போஸ்டிலும் அனுப்புங்கள்.

நான் எழுதியது ஏறக்குறைய இப்படி:

"ஐயா, ___ தேதி ___ எண் விமானத்தில் சிங்கப்பூரிலிருந்து சென்னை வழியாக மதுரைக்கு வந்தேன். ___ எண்ணுள்ள என் பெட்டி வந்து சேரவில்லை. அன்றே மதுரை விமான நிலையத்தில் புகார் பதிந்தேன், குறியீடு ___. பெட்டி நான்கு நாள் தாமதமாக, ஒரு சக்கரம் உடைந்த நிலையில் ___ தேதியன்று ஒப்படைக்கப்பட்டது. தாமதத்தால் ஏற்பட்ட செலவின் ரசீதுகளும் சேதத்தின் படங்களும் இணைக்கப்பட்டுள்ளன. மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி இழப்பீடாக ரூ. ___ வழங்கக் கோருகிறேன். இக்கடிதம் கிடைத்ததற்கு எழுத்தில் ஒப்புகை தர வேண்டுகிறேன்."

தலைமை அலுவலகம் வேறு மாநிலத்தில் இருந்தால் மேலே ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வைத்து, கீழே தமிழில் இணையுங்கள். கோபத்தை இந்தக் கடிதத்தில் காட்ட வேண்டாம், அதற்கு வீட்டில் ஆள் இருக்கிறது. விமானம் மாறி வந்தவர்கள் யாருக்கு எழுதுவது என்று குழம்ப வேண்டியதில்லை. முதல் விமான நிறுவனம், கடைசி நிறுவனம், பெட்டி எவர் கையில் தவறியதோ அந்த நிறுவனம் என்று எவரையும் கேட்கலாம். கடைசியாகக் கொண்டுவந்து இறக்கியவரிடம் தொடங்குவது நடைமுறையில் எளிது.

எவ்வளவு கிடைக்கும்?

இழப்பீட்டின் உச்ச வரம்பு எஸ்.டி.ஆர். என்ற கணக்கில் இருக்கும். டாலர், யூரோ, யுவான், யென், பவுண்டு ஆகிய ஐந்து நாணயங்களை வைத்துப் பன்னாட்டு நிதியம் மதிப்பிடும் அலகு அது. 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர்.; நம் பணத்தில் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல். அதற்கு முன்பு 1,288 ஆக இருந்தது. இது பெட்டிக்கு அல்ல, ஆளுக்கு. இது கூரைதான், கேட்டவர்க்கெல்லாம் கிடைக்கும் தொகை அல்ல. பழைய துணிக்குப் பழைய விலைதான் போடுவார்கள். இதைவிட விலை உயர்ந்த சாமான் கொண்டுபோகிறவர்கள் பெட்டியை ஒப்படைக்கும்போதே மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டலாம்.

டிக்கெட்டைப் பாருங்கள். சிங்கப்பூர் முதல் மதுரை வரை ஒரே டிக்கெட் என்றால் சென்னை–மதுரைத் துண்டும் வெளிநாட்டுப் பயணத்தின் பகுதியே. சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கச் சென்னை–மதுரையைத் தனியாக வாங்கியிருந்தால், அந்தத் துண்டில் தவறிய பெட்டிக்கு உள்நாட்டு வரம்புதான். 2019-இல் வெளியான விமானப் பயணிகள் சாசனத்தில் அது 20,000 ரூபாய்.

பயணக் காப்பீடு எடுத்திருந்தால் அதையும் புரட்டிப் பாருங்கள். பல பாலிசிகளில் இந்தியா திரும்பியபின் நேரும் தாமதத்துக்குப் பணம் இல்லை. முற்றிலும் தொலைந்தால் உண்டு. அதற்கும் பி.ஐ.ஆர். நகல்தான் கேட்பார்கள்.

மறுத்தால்

முதல் பதிலில் சக்கரத்துக்குப் பணம் தர ஒப்புக்கொண்டு, சாவிச் செலவை "மறைமுக இழப்பு" என்று ஒதுக்கியிருந்தார்கள். பொதுவாக வருவது இந்த மாதிரிப் பதில்தான், அதோடு விட்டுவிடாதீர்கள். அந்நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கும், அவருக்கு மேலே மேல்முறையீட்டு அதிகாரிக்கும் எழுதலாம். இவர்களின் முகவரிகள் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும். அதோடு மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் பதியலாம், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது மதுரையிலேயே, புகார் செய்யலாம். சேவைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. 600 ரூபாய்க்கு இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று இவர் கேட்டார். போக வேண்டியிருக்கவில்லை. ஏர்சேவாவில் பதிந்த இரண்டாம் வாரம், சாவிக்காரரின் கையெழுத்துத் தாளின் தெளிவான நகல் ஒன்றைக் கேட்டு மின்னஞ்சல் வந்தது.

அடுத்த முறைக்கு

பழைய பயணங்களின் ஸ்டிக்கர்களைப் பெட்டியிலிருந்து உரித்துவிடுங்கள். இயந்திரம் பழைய பட்டைக்கோட்டைப் படித்து வேறு ஊருக்கு அனுப்பிவிடக்கூடும். புது ஸ்டிக்கர் ஒட்டும்போது சேருமிடம் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எம்.ஏ.ஏ. என்றால் சென்னை, மெட்ராஸ் என்ற பழைய பெயரின் மிச்சம். ஐ.எக்ஸ்.எம். என்றால் மதுரை. பெட்டியின் உள்ளே, துணிக்கு மேலே, பெயரும் போன் எண்ணும் எழுதிய தாள் ஒன்றை வையுங்கள். மூடும் முன் உள்ளேயும் வெளியேயும் ஒரு படம். மாத்திரை கைப்பையில். சாவி இப்போது இவருடைய அரைஞாணில் தொங்குகிறது.